நொண்டிக் காட்டச் சொன்னார்கள்

என் கணுக்கால் உடைந்ததற்கு என் ஓட்டம்தான் காரணம் என்று தோட்டம் முழுக்கப் பேசினார்கள். பொம்பளை ஓடினால் இப்படித்தான் ஆகும் என்று எங்களை வேலை வாங்குகிற மண்டோர் பிரட்டுக்களத்தில், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அப்போதே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது. என் காலை உடைத்தது ஓட்டம் இல்லை, வேலி.

அது மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த சமயம். சிரம்பானை அடுத்த லாபுப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிந்தவர்களுக்கு நாங்கள் அரிசி பருப்பு கடத்துகிறோம் என்று அரசாங்கத்துக்குச் சந்தேகம். அதனால் மேட்டிலும் பள்ளத்திலுமாகச் சிதறிக் கிடந்த வரிசை வீடுகளான லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் இரண்டு வரிசையாக நிறுத்தி, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் முள்கம்பி போட்டார்கள். வாசல் ஒன்றே ஒன்று. அதில் மத்தா-மத்தா, அதாவது போலீஸ்காரர்கள், துப்பாக்கியோடு நின்றார்கள். காலையில் திறப்பார்கள், பொழுது சாயுமுன் மூடுவார்கள். வெளியே போகும்போது ஒரு மணி அரிசி கையில் இருக்கக் கூடாது. கோப்பியில் சீனிகூடக் கூடாது. பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண்ணையே வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நான் பொறுக்காதது ஒன்றே ஒன்றுதான். வேலிக்கு வெளியே யாரும் ஓடக் கூடாது என்று உத்தரவு. மரங்களுக்கு நடுவே ஓடுகிறவனைப் பட்டாளத்துக்காரன் கண்டால் யார் என்று கேட்க மாட்டான், சுட்டுவிடுவான்.

ஓடாமல் பால்மரம் வெட்டுவது எப்படி என்று வெட்டியவர்களைக் கேட்டால் தெரியும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். ஒரு மரத்தில் உளியை இழுத்து, பால் வடிகிற மங்குக் கிண்ணத்தைத் திருப்பி வைத்து, அடுத்த மரத்துக்கு எட்டு வைப்பதற்குள் மனம் அதற்கடுத்த மரத்துக்குப் போயிருக்கும். எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத்தான் வெட்டுவார்கள். வேலி வருவதற்கு முன்பு நான் ஓட்டமும் ஓட்டமுமாக வெட்டுவேன். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, தோளில் காவடி மாதிரி வைத்த காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் காலி வாளிகள் தடதடக்கச் செம்மண் சாலையில் வீடு வரைக்கும் ஓடி வருவேன். அவசரம் எதுவும் கிடையாது. ஓடினால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் என்னைக் குதிரை என்றுதான் கூப்பிட்டார்கள். என் புருஷனைக் குதிரைக்காரன் என்று கேலி செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். நல்ல மனுஷன். சண்டை என்றால் மட்டும் ஆகாது.

கால் உடைந்த அன்றைக்கு மத்தியானத்துக்கு முன்பே ஆலையில் சங்கு ஊதிவிட்டது. எங்கேயோ துப்பாக்கிச் சத்தம். ஓடாதே ஓடாதே என்று இத்தனை நாள் சொன்னவர்களே வாசலில் நின்று ஓடு ஓடு என்று கத்தினார்கள். நானூறு பேரும் ஒரே வாசலுக்கு ஓடினோம். நானும் ஓடினேன். நான் பயந்து ஓடியது அதுதான் முதல் தடவை. வாசல் பக்கத்து வாய்க்கால் ஓரத்தில் மிச்சமான முள்கம்பியைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். கூட்டம் தள்ளியதில் என் வலது கால் அந்தச் சுருளுக்குள் போனது. கால் உள்ளே நின்றது, நான் வாய்க்காலில் விழுந்தேன். சட்டென்று ஒரு சத்தம் கேட்டது. அதுவும் துப்பாக்கிதான் என்று முதலில் நினைத்தேன்.

சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது என் கால் மாதிரியே இல்லை. அகப்பைக் காம்பு மாதிரி இருந்தது. தோட்டத்து டிரசர், எங்கள் வைத்தியர் அவர்தான், பாதத்தைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“எலும்பு சேந்துருச்சும்மா. நடக்கலாம். கொஞ்சம் நொண்டும், அது அப்படித்தான் இருக்கும். ஓட்டத்த மறந்துரு.”

“ஏன் மறக்கணும் டிரசர் ஐயா?”

“ஓடி என்னாத்த பிடிக்கப் போற?”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டுகிறவனைத் திரும்பத் திட்டலாம். பரிதாபப்படுகிறவரை என்ன செய்வது? சரி ஐயா என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு மாதம் புல் வெட்டினேன். பிறகு சமதரையில் மரம் கொடுத்தார்கள். நடந்தே வெட்டினேன், நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஒரு நாள் சாயங்காலம் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலியின் உள்பக்கத்தை ஒட்டி, மத்தா-மத்தா ரோந்து சுற்றுவதற்காகப் புல்லைச் செதுக்கி ஒரு பாதை போட்டிருந்தார்கள். வெளியேதானே ஓடக் கூடாது? உள்ளே ஓடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் ஓடினேன்.

ஓடினேன் என்று சொல்வது பெருமைக்குத்தான். தத்தித் தத்திப் போனேன். வலி இருந்தது, அது பெரிதில்லை. வலியோடு எனக்குப் பேசத் தெரியும். பெரிதாக இருந்தது வேறொன்று. இரண்டு எட்டு வேகமாக வைத்ததுமே காதுக்குள் சங்கு ஊதியது. ஓட்டம் என்றால் என் உடம்புக்கு இப்போது வாசலும் கூட்டமும் முள்கம்பியும்தான். எனக்குப் பிடித்ததை என்னிடமிருந்து பிடுங்கி, அதற்குள் பயத்தைத் திணித்துத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் அடுத்த கம்பத்துக்குக் கிளம்பினேன்.

அன்றிலிருந்து தினமும் போனேன். ஒரு கம்பம் ஓட்டம், மூன்று கம்பம் நடை. பிறகு இரண்டுக்கு இரண்டு. வாசலில் காவல் இருந்த மத்தா-மத்தா ஒருவர் ரெம்பாவ் ஊர்க்காரர், மலாய்க்காரர், மீசை முளைத்தும் முளைக்காத வயசு. முதல் நாள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு “பெர்ஹெந்தி!” என்று கத்தினார். நின்றேன். காலைக் காட்டி, “சாக்கிட், என்சே. இனி ஊபாட்,” என்றேன். வலிக்கிறது ஐயா, இதுதான் மருந்து என்று அர்த்தம். ஓடுவது எப்படி மருந்தாகும் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டார். பிறகு நான் வந்தால் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெண்கள் சொன்னார்கள். இவளுக்கு வேலியோரத்துக் காத்து கருப்பு அடித்துவிட்டது, குழந்தை பிறக்காததால் புத்தி பேதலித்துவிட்டது, இப்படி ஆளுக்கு ஒன்று. மண்டோர் தன் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நான் ஓடுவதைப் பார்ப்பார். “வீட்டுல அடங்காதவதான் வேலியில அலைவா,” என்று ஒரு நாள் சத்தமாகச் சொன்னார். “ஒங்க வீட்டு வாசல் வழியா ஓடுனா இன்னும் நல்லா தெரியுமா மண்டோரே?” என்று நானும் சத்தமாகவே கேட்டேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை.

ஓடிவிட்டு வந்தால் ராத்திரி கணுக்கால் வீங்கிவிடும். ஒத்தடம் கொடுக்க வேண்டும். உப்பை வறுத்து மூட்டை கட்டினால் எங்கள் ஊர் ஈரத்தில் அது கசிந்து ஒழுகிப் போகும். அரிசி அப்படியில்லை, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கைப்பிடி அரிசியை வெள்ளைத் துணியில் முடிந்து, சட்டியில் போட்டுச் சுடவைத்து, தைலம் தடவிய கணுக்காலில் வைத்துக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவேன். தினமும் அதே அரிசிதான். ரேஷனில் கிடைக்கிற அரிசியைத் தினம் ஒரு பிடி காலில் கட்ட நான் என்ன துரை வீட்டுப் பிள்ளையா? அது பழுத்து, காவி ஏறி, தைலமும் நல்லெண்ணெயும் கால் வேர்வையும் சேர்ந்த ஒரு நாற்றம் அடிக்கும். என் புருஷன் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்.

அந்த மூட்டைதான் என்னை மாட்டிவிட்டது. ஒரு நாள் காலையில் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. பிரட்டு மணி அடிக்கிறது. அட்டைக்கும் கொசுவுக்கும் பயந்து நாங்கள் காலில் துணி சுற்றிக்கொண்டுதான் வெட்டப் போவோம். அரைத் தூக்கத்தில், கட்டியிருந்த மூட்டையை அவிழ்க்காமலேயே அதன் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். வாசலில் சோதனை போடுகிற பெண் தோள், இடுப்பு என்று தடவிக்கொண்டே வந்து கணுக்காலைப் பிடித்தாள். நறநறவென்றது. அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது.

வேலியைத் தாண்டி அரிசி கொண்டுபோனால் ஜெயில். எத்தனை வருஷம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. போனவர்களில் யாரும் திரும்பி வந்து சொன்னதாகவும் தெரியவில்லை. என்னைப் பிரட்டுக்களத்தில் தனியாக உட்கார வைத்தார்கள். மற்றவர்களையும் வேலைக்கு விடவில்லை. ஜீப்பில் ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். மலாய்க்காரர், தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். மேசை மேல் என் அரிசி மூட்டையை வைத்தார்கள். டிரசரைக் கூப்பிட்டார்கள். மண்டோர் கூப்பிடாமலே வந்தார்.

டிரசர் அந்த மூட்டையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். “துவான், இந்தப் பொண்ணுக்குக் கால் ஒடைஞ்சது நெசம். இன்னமும் நொண்டி. இது ஒத்தட மூட்டை. ஞாபகமறதியில கட்டிக்கிட்டு வந்துருக்கா,” என்றார்.

மண்டோர் குறுக்கே விழுந்தார். “பொய் துவான். இவளா நொண்டி? தெனமும் சாயங்காலம் வேலியோரமா ஓடுறா. என் கண்ணால பாத்துருக்கேன். ஓடுற காலுக்கு எதுக்கு ஒத்தடம்? வேலிக்கு மேல அரிசி வீசத்தான் ஓடுறா.”

இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பால் நிறுக்கிற கொட்டகை அங்கிருந்து ஐம்பது அறுபது எட்டு இருக்கும். அதைக் காட்டினார்.

“அங்கே போயி திரும்பி வா. பார்க்கலாம்.”

இதைவிட லேசான வழி யாருக்குக் கிடைக்கும்? நொண்டினால் டிரசர் சொன்னது உண்மை, மூட்டை மருந்து, நான் வேலைக்குப் போகலாம். நொண்டாவிட்டால் மண்டோர் சொன்னது உண்மை, நான் ஜீப்பில் ஏற வேண்டும். களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அது புரிந்தது. என்னைப் பைத்தியம் என்று சொன்ன பெண்கள்கூட நொண்டு, நொண்டு என்று கண்ணாலேயே கெஞ்சினார்கள். நான் ஓடுவதை வாசலிலிருந்து தினமும் பார்த்த ரெம்பாவ்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் புருஷன் கூட்டத்தின் முன்வரிசையில் இருந்தார். நான் அவரைத் தாண்டிப் போகும்போது உதடு அசையாமல் சொன்னார்:

“நல்லா நொண்டு புள்ள.”

நொண்டினேன். நன்றாகத்தான் நொண்டினேன். நாலு மாதம் உண்மையிலேயே நொண்டினவளுக்கு அதைச் சொல்லித் தர வேண்டுமா? வலது காலை இழுத்து, இடுப்பைச் சாய்த்து, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு போனேன். பின்னால் யாரோ ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினார்கள். பாதி தூரம் அப்படியே போய்விட்டேன்.

அந்த ஐயோ பாவம்தான் தாங்கவில்லை. இந்தக் காலை நான் ஒவ்வொரு கம்பமாக மீட்டுக்கொண்டு வந்திருந்தேன். அழுதுகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பேச்சு வாங்கிக்கொண்டு மீட்ட கால். அதை இழுத்துக்கொண்டு போவது, பெற்ற பிள்ளையை யாரோ கேட்டதற்காக என் பிள்ளை இல்லை என்று சொல்வது மாதிரி இருந்தது. தப்பு செய்தவள் அல்லவா பொய் சொல்ல வேண்டும்? நான் என்ன தப்பு செய்தேன்? உடம்பெல்லாம் சூடு ஏறியது. தொடையிலிருந்து கையை எடுத்தேன். கைலியைத் தூக்கிச் செருகினேன். ஓடினேன்.

பின்னால் கூட்டம் ஐயோ என்றது. அது வேறு ஐயோ. எனக்குச் சங்குச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. காதில் காற்றுதான் கேட்டது. வலது கால் இடது காலைப் போலவே தரையைத் தள்ளியது. எத்தனை துப்பாக்கி என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்ததோ தெரியாது, பயம் இல்லை. நன்றாக இருந்தது. செம்மண் சாலையில் எப்படி இருந்ததோ அப்படி நன்றாக இருந்தது. கொட்டகையைத் தொட்டுத் திரும்ப வேண்டியவள், அதைத் தாண்டித் தோட்டத்துக் கோயில் வரைக்கும் ஓடி, கோயிலைச் சுற்றிக்கொண்டுதான் திரும்பினேன். சிரித்துக்கொண்டே வந்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரியாது, இருக்கலாம்.

மேசைக்கு முன்னால் வந்து மூச்சு வாங்க நின்றேன். மண்டோர், பாத்தீங்களா துவான் என்றார். டிரசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம், அவர் எனக்காகப் பேசியதை நானே உடைத்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“கால் நல்லா இருக்கு. அப்ப இந்த அரிசி எதுக்கு?”

“கால் நல்லா ஆனதே இந்த அரிசியாலதான் துவான். ஒடைஞ்சதும் நெசம், ஓடுறதும் நெசம். இதத்தான் தெனமும் சுட வச்சுக் கட்டுவேன். காட்டுல இருக்கிறவங்களுக்குக் குடுக்கிற அரிசியா இதுன்னு மோந்து பாருங்க.”

அவர் முடிச்சை அவிழ்த்து மூக்கருகே கொண்டுபோனார். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மண்டோரிடம் நீட்டினார். மண்டோர் வாங்கவில்லை. இன்ஸ்பெக்டர் அதில் கொஞ்சத்தைத் தரையில் வீசினார். களத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழி ஒன்று இறக்கையை அடித்துக்கொண்டு ஓடி வந்தது. ஒரு மணியைக் கொத்தியது. அலகை மண்ணில் இரண்டு பக்கமும் தேய்த்துவிட்டுப் போயே போய்விட்டது.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு களமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரெம்பாவ்காரர் முன்னால் வந்து விறைப்பாக நின்று மலாயில் சொன்னார்: இந்த அக்கா தினமும் ஓடுவதைத் தான் பார்த்திருப்பதாகவும், கை வெறுங்கைதான், கம்பிக்கு மேல் ஒரு நாளும் எதையும் வீசியதில்லை என்றும். முன்பே ஏன் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார். முன்பே சொன்னால் அக்கா நொண்டியது பொய்யாகிவிடுமே என்றார் அவர்.

ஜீப் என்னை ஏற்றாமல் போனது. போவதற்கு முன் இன்ஸ்பெக்டர் என் பெயரை எழுதிக்கொண்டார். இனி வாசலுக்குக் காலில் எதையும் கட்டிக்கொண்டு வரக் கூடாது, வேலியோரம் ஓடவும் கூடாது என்று மண்டோரை வைத்துக்கொண்டே என்னை எச்சரித்தார். மண்டோருக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

சாயங்காலம் வீட்டில் என் புருஷனுக்குக் கோப்பியை வைத்தேன். சீனி போட மறந்திருந்தேன். அதுகூடத் தெரியாமல் குடித்தார். அதைப் பார்த்ததும்தான் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

“ஒரு தடவ நொண்டிக் காட்டியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? ஒன்னைய ஏத்திக்கிட்டுப் போயிருந்தா நான் என்ன பண்றது, சொல்லு.”

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“ஒரு தடவையோட முடிஞ்சுருமாங்க? இந்த வேலிக்குள்ள எத்தன கண்ணு இருக்கு? இன்னைக்கு நொண்டிக் காட்டுனா, நாளைக்கும் நொண்டணும், நாளான்னைக்கும் நொண்டணும். இவங்க முன்னால சாகுற வரைக்கும் நான் நொண்டியாவே இருக்கணும்.”

அவர் குனிந்து என் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார்.

“வேலியோரம் ஓடக் கூடாதுன்னுட்டானே,” என்றார். “இனிமே எங்க ஓடுவ?”

“நடுவுல,” என்றேன்.

வாசல் மூட இன்னும் நேரம் இருந்தது. கைலியைச் செருகிக்கொண்டு, இரண்டு வரிசை வீடுகளுக்கும் நடுவே, எல்லோரும் பார்க்க, மண்டோர் வீட்டு வாசல் வழியாக ஓடினேன்.